சென்சாரை மட்டும் கழற்றி மாற்ற முடியாதா? – கேமரா கேள்வி பதில்

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் கிடையாது, ஸ்டுடியோக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம். அதனால்தானோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் கேமராவை மாற்றுவதா, இருப்பதை வைத்து ஓட்டுவதா, மாற்றினால் முழுசாக மாற்ற வேண்டுமா, ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதுமா? நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ. நிக்கான் டி750 பாடி, 24-120 லென்ஸ், ஒரு 50 எம்எம், பழைய 80-200 இருக்கிறது. பாடி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் புதுக் கேமராக்களைப் பார்த்தால் கை அரிக்கிறது. கம்ப்யூட்டரில் ரேம் மாற்றுகிறோம், மிக்ஸியில் ஜார் மாற்றுகிறோம். கேமராவில் சென்சாரை மட்டும் கழற்றிப் புதுசு போட ஏன் வழியில்லை? கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே செய்கிறார்களா?
– ஸ்டுடியோ வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டுமென்றே செய்வதும் உண்டு, செய்ய முடியாததும் உண்டு. வேண்டுமென்றே செய்வதைக் கடைசிக் கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். செய்ய முடியாததை முதலில் பார்ப்போம்.

லென்ஸைக் கழற்றிவிட்டு, மெனுவில் சென்சார் சுத்தம் செய்வதற்கென்று கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் வசதி இருக்கும், அதைப் போட்டு உள்ளே பாருங்கள். பச்சையும் ஊதாவுமாக மினுங்கும் தகடு தெரியும், வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சென்சார் அதுதான். லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து அந்தச் சென்சார் பரப்பு வரைக்கும் நிக்கான் எஃப் மவுண்டில் (மவுண்ட் என்றால் லென்ஸும் பாடியும் சேரும் இணைப்பு) 46.5 மில்லிமீட்டர். உங்கள் டி750 சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறு பங்கு. 50 எம்எம் லென்ஸின் துளையை எஃப் 1.8 வரை அகலத் திறந்து மணமேடையில் ஜோடியாக நிற்க வைத்து எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சென்சாரின் ஒரு ஓரம் மட்டும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு பின்னால் சாய்ந்திருந்தாலே பெண்ணின் கண் துல்லியமாகவும் மாப்பிள்ளை கண் மழுங்கலாகவும் வர ஆரம்பித்துவிடும். தொழிற்சாலையில் கருவி வைத்து, திருகு திருகாக அளந்து உட்கார வைக்கிற சமாச்சாரம் இது. நாம் கையால் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு இணைப்பை அங்கே வைத்தால், ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் அந்த அளவு மாறாமல் நிற்க வேண்டும், தூசியும் புகக் கூடாது. செய்ய முடியாது என்றில்லை, விலை எங்கேயோ போய்விடும்.

அடுத்தது, சென்சாருக்குப் பின்னால் இருப்பது. உங்கள் கேமரா 2014-இல் வந்தது, 24 மெகாபிக்சல். 14 பிட்டில் ஒரு படத்துக்குச் சென்சாரிலிருந்து இறங்கும் தகவல் சுமார் 42 எம்பி, நொடிக்கு ஆறரைப் படம், ஆகக் கூடி 270 எம்பி. 2023-இல் வந்த நிக்கான் இசட்8-ஐ எடுத்துக்கொண்டால் 45 மெகாபிக்சல், நொடிக்கு 20 படம், கணக்குப் போட்டால் 1,600 எம்பி பக்கம் வருகிறது. ஆறு மடங்கு. அந்தச் சென்சாரைக் கொண்டுவந்து டி750-இல் வைத்தால் அதன் பிராசசரும் மெமரியும் கார்டு எழுதும் வேகமும் எதுவும் ஈடு கொடுக்காது. பிராசசரையும் மாற்றினால் சூடு கூடும், பேட்டரி போதாது. போதாததற்கு டி750-இல் ஃபோகஸ் பார்க்கும் கருவி கண்ணாடிக்குக் கீழே தனியாக இருக்கிறது, அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. ஆக, சென்சாரை மாற்றுகிறேன் என்று தொடங்கினால் கடைசியில் வெளிக்கூடு மட்டும்தான் பழையதாக மிஞ்சும்.

ஆனாலும் ஆசைப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கதை தெரிந்துகொள்ள வேண்டியது. 90-களின் கடைசியில் சிலிக்கான் ஃபிலிம் என்றொரு அமெரிக்கக் கம்பெனி, பழைய ஃபிலிம் கேமராவில் ஃபிலிம் ரோல் போடும் இடத்திலேயே மாட்டிக்கொள்ளும் டிஜிட்டல் சரக்கு ஒன்றை அறிவித்தது. 13 லட்சம் பிக்சல். உலகமே காத்திருந்தது, கடைக்கு வரவே இல்லை, 2001-இல் கடையைக் கட்டிவிட்டார்கள். லைக்கா அதையே வேறு மாதிரி முயன்று, ஆர்8, ஆர்9 ஃபிலிம் கேமராக்களின் பின்கதவைக் கழற்றிவிட்டு மாட்டும் 10 மெகாபிக்சல் பாகம் ஒன்றை விற்றது. நல்ல படம் தந்தது, ஆனால் அந்த இரண்டு மாடலுக்கு மட்டும்தான், சில ஆண்டுகளில் அதுவும் நின்றுபோனது.

ரிக்கோ ஜிஎக்ஸ்ஆர் 2009-இல் வந்தது, எனக்கு மிகவும் பிடித்த முயற்சி. லென்ஸும் சென்சாரும் பிராசசரும் சேர்ந்து மூடிய ஒரே பெட்டி, அதைப் பாடியின் பக்கவாட்டில் நகர்த்தி மாட்ட வேண்டும். தூசியே புகாது. ஃபோகஸ் அளவும் பிசகாது, ஏனென்றால் லென்ஸும் சென்சாரும் பிரிவதே இல்லை. அப்படியிருந்தும் நிற்கவில்லை. ஏன் தெரியுமா? நல்ல லென்ஸ் முப்பது வருஷம் உழைக்கும், சென்சார் ஐந்தாறு வருஷத்தில் பழசாகும். அந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ஒட்டினால் சென்சார் பழசாகும்போது லென்ஸையும் சேர்த்து ஓரங்கட்ட வேண்டியதாகிறது. இணைப்பை எங்கே வைப்பது என்பதுதான் இந்த விஷயத்தில் உயிர்நாடி. சீக்கிரம் பழசாவதையும் மெதுவாகப் பழசாவதையும் பிரிக்கிற இடத்தில் இருக்க வேண்டும். லென்ஸ் மவுண்ட் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஹாசல்பிளாட் என்ற கேமராக் கம்பெனி ஜெயித்ததற்குக் காரணமும் அதுதான். 1957-இல் 500சி வந்த காலத்திலேயே ஃபிலிம் பெட்டி பின்னால் தனியாகக் கழற்றி மாட்டும்படிதான் இருந்தது. இணைப்பு முன்னமே இருந்ததால் ஃபிலிம் பெட்டிக்குப் பதிலாக டிஜிட்டல் பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. 2024-இல் அவர்கள் விட்ட சிஎஃப்வி 100சி என்ற 100 மெகாபிக்சல் பெட்டி, அந்தக் காலத்துக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இன்றைக்கும் மாட்டுகிறது. விலை லட்சங்களில். சினிமா கேமரா பக்கம் ரெட் கம்பெனியும் எபிக் கேமரா வைத்திருந்தவர்களுக்கு டிராகன் சென்சார் போட்டுக் கொடுத்தது, கேமராவைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும், அதற்கும் தனிக் காசு. கல்யாண ஸ்டுடியோவுக்கு இதெல்லாம் எட்டாத விலை.

சரி, உங்களுக்கு வருகிறேன். நீங்கள் போடும் ஆல்பம் 12க்கு 36 அங்குலம், விரித்தால் இரண்டு பக்கம். அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே படம் என்றால் 12க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சகம் கேட்டால்கூட 19 மெகாபிக்சல் போதும், உங்களிடம் 24 இருக்கிறது. வாடிக்கையாளர் யாரும் படம் பத்தவில்லை என்று சொல்லியிருக்க மாட்டார். ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கவுண்ட்டைப் பார்த்து, நெருங்கியிருந்தால் ஆடி முடிவதற்குள் ஷட்டரை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றக்கூடிய பாகம் அது. இந்த ஆவணியும் தையும் அதிலேயே ஓடும்.

கேள்வி: என் கூட்டாளி கேனான் 6டி-யிலிருந்து ஆர்6-க்கு மாறினார். பழைய லென்ஸ் எல்லாம் அடாப்டர் போட்டதும் முன்னைவிட நன்றாகவே ஃபோகஸ் ஆகிறது என்கிறார். நான் நிக்கான். நிக்கானின் மிரர்லெஸ்ஸான இசட் கேமராவுக்கு எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் என் 50 எம்எம் 1.8டி-யும் 80-200டி-யும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். ஏன் இந்த ஓரவஞ்சனை?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: கடைக்காரர் சொன்னது சரிதான். 80-200-ஐக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். உலோக வளையத்திலேயே ஓர் ஓரமாகச் சின்னத் திருகின் தலை மாதிரி, நடுவில் கோடு போட்ட ஒரு குழி இருக்கும். கேமரா பாடியின் வளையத்தில் அதற்கு நேராகத் தட்டையான முனையுள்ள ஒரு தண்டு எட்டிப் பார்க்கும். பாடிக்குள் இருக்கிற மோட்டார் அந்தத் தண்டைச் சுற்றும், தண்டு லென்ஸைச் சுற்றும், ஃபோகஸ் ஆகும். 1986-இல் நிக்கான் எஃப்-501 வந்தபோது இப்படித்தான் செய்தார்கள். 1959-இலிருந்து இருக்கிற எஃப் மவுண்டைக் கைவிடாமல், பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். நல்ல மனசோடு செய்த காரியம்தான். ஆனால் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் அந்தத் தண்டும் இல்லை, அதைச் சுற்றும் மோட்டாரும் இல்லை. லென்ஸின் துளையைத் திறந்து மூடுகிற நெம்புகோல் மட்டும் இருக்கிறது.

கேனான் 1987-இல் செய்தது இதற்கு நேர் எதிர். எஃப்டி மவுண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தது. எஃப்டி லென்ஸ் வாங்கிக் குவித்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள், கொதித்ததில் நியாயமும் உண்டு. ஆனால் இஎஃப் மவுண்டில் தண்டு, நெம்புகோல் என்று எதுவுமே இல்லை. ஃபோகஸ் மோட்டாரும் துளையைத் திறந்து மூடும் மோட்டாரும் லென்ஸுக்குள்ளேயே. பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே தங்கமுலாம் பூசிய சில புள்ளிகள் மட்டும், பேச்சு முழுக்க மின்சாரத்தில். அதனால் 2018-இல் ஆர்எஃப் மவுண்ட் வந்தபோது அடாப்டருக்குள் வைக்க வேண்டியது கம்பி மட்டும்தான். இஎஃப் லென்ஸுக்கு 44 மில்லிமீட்டர் தூரம் வேண்டும், ஆர்எஃப்பில் 20, மிச்சம் 24-க்கு ஒரு வெற்றுக் குழாய். முப்பது வருஷத்துக்கு முந்திய லென்ஸ் இன்றைய கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கிறது என்றால் காரணம் அந்த 1987 முடிவு.

உங்கள் கையில் இருப்பதில் எவை ஏஎஃப்-எஸ், அதாவது மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பவை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், அவை அடாப்டரில் நன்றாக வேலை செய்யும். டி வரிசை இரண்டையும் மிரர்லெஸ்ஸுக்குக் கொண்டுபோக வேண்டாம். 80-200 உங்கள் பழைய பாடியோடேயே இருக்கட்டும், ஊர்வலத்துக்கும் மேடைக்கும் இரண்டாவது கேமராவாக அந்த ஜோடி உழைக்கும். டாம்ரான், சிக்மா போன்ற வெளிக் கம்பெனி லென்ஸ் இருந்தால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போய், உங்கள் லென்ஸை உங்கள் கையால் கடையில் மாட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய பேட்டரி புதுக் கேமராவுக்கு ஆகுமா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: பல மாடலில் ஆகும். நிக்கான் இஎன்-இஎல்15 2010-இல் டி7000-உடன் வந்தது, இசட்6-இல் போட்டாலும் ஓடும், யூஎஸ்பி வழியாகக் கேமராவிலேயே சார்ஜ் ஏறாது, அவ்வளவுதான். கேனான் எல்பி-இ6 2008-இல் 5டி மார்க் 2-வுக்கு வந்தது, ஆர்5-இலும் மாட்டும், ஆனால் நொடிக்கு எடுக்கும் படங்களின் வேகம் குறையும். கம்பெனிகள் செய்த நல்ல காரியம் என்று இதை மனதாரச் சொல்வேன். போலி பேட்டரி வாங்கி உப்பவிட்டு உள்ளேயே சிக்கவைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் சுடலைமாடன் கோயில் கொடையை வருஷா வருஷம் எடுக்கிறேன். கேனான் 1500டி, அதோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸ். சாமக்கொடையில் தீப்பந்த வெளிச்சம் மட்டும்தான் இருக்கும், படம் எல்லாம் பொரிப்பொரியாக வருகிறது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேமுக்குப் போய்விடலாமா?
– வாசகர், நாங்குநேரி

பதில்: போகலாம், ஆனால் முதலில் அதற்குப் போக வேண்டாம். கிட் லென்ஸில் ஜூம் செய்த நிலையில் துளை எஃப் 5.6. ஒரு 50 எம்எம் 1.8 லென்ஸ் வாங்கினால் அதே நேரத்தில் ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன் எண்) 6400-இல் எடுத்ததை 800-க்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். ஃபுல் ஃப்ரேம் பாடிக்குப் போனால் கிடைக்கும் லாபம், அதே துளையில், சென்சார் பரப்புக் கணக்குப்படி சுமார் இரண்டரை மடங்குதான். விலையோ பல மடங்கு. புது சென்சார் வந்திருக்கிறது, இருட்டில் பகலாகத் தெரியும் என்று விளம்பரம் வரும்; ஒரே அளவு சென்சாரில் ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையில் பத்து மடங்கு வித்தியாசமெல்லாம் வராது.

உங்கள் கேமராவில் சென்சார் சின்னது என்பதால் 50 எம்எம் 80 மாதிரித் தெரியும், வில்லுப்பாட்டு மேடைக்கும் சாமியாடி முகத்துக்கும் கச்சிதம். கூட்டம் முழுக்க வேண்டுமென்றால் 24 எம்எம் 2.8. இதில் ஒன்றைக் கவனியுங்கள். 50 எம்எம் 1.8 ஃபுல் ஃப்ரேம் லென்ஸ், நாளைக்குப் பெரிய பாடி வாங்கினாலும் கூட வரும். 24 எம்எம் 2.8 இஎஃப்-எஸ் வகை, கேனான் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. ஆகவே முதலில் 50.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். சாமி வேட்டைக்குக் கிளம்பும் நேரத்தில் முகத்துக்கு நேராக பிளாஷ் அடிக்காதீர்கள். எல்லாரும் மொபைலில் அடிக்கிறார்கள் என்பது பதிலாகாது. தீப்பந்தம் முகத்துக்குப் பக்கவாட்டில் வருகிற ஒரு நொடிக்குக் காத்திருந்து எடுத்தால் அந்த வெளிச்சமே போதும், அந்தப் படத்தில்தான் கொடை இருக்கும்.

கேள்வி: பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறேன். கூந்தன்குளம் சரணாலயத்தில் பறவை எடுக்க ஆசை. பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசு. புதுசாகக் கிட் லென்ஸோடு ஒரு கேமரா வாங்குவதா, செகண்ட் ஹேண்டா? பிறகு படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி எது?
– மாணவி, பாளையங்கோட்டை

பதில்: செகண்ட் ஹேண்ட் வாங்கும்மா, தைரியமாக வாங்கு. உன் காசில் பாதிக்கு மேல் லென்ஸுக்குப் போகட்டும், பாடிக்குக் குறைச்சலாகப் போடு, பாடியைத்தான் நீ பிறகு மாற்றப் போகிறாய்.

கூந்தன்குளத்தில் உனக்கு ஒரு வசதி இருக்கிறது. மற்ற சரணாலயங்களில் பறவை எங்கேயோ குளத்து நடுவில் இருக்கும். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்திலேயே கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆகவே தொடங்குவதற்கு 300 எம்எம் போதும். நிக்கான் டி7200 போன்ற ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) பாடியில் அது 450 எம்எம் மாதிரி நெருங்கி வரும். ஜனவரியிலிருந்து ஜூன் வரை போ, காலையில் வெயில் ஏறுவதற்குள் எடு, கூட்டுக்குப் பக்கத்தில் போகாதே.

ஒரு பொறி இருக்கிறது. நிக்கானின் 70-300 லென்ஸ்களில் ஏஎஃப்-பி என்று எழுதியவை விலை மலிவு, கூர்மையும் நன்று. ஆனால் டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் அவை ஃபோகஸே ஆகாது, கையால்கூட முடியாது, ஏனென்றால் அந்த வளையமும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. மவுண்ட் ஒன்றுதான், மாட்டும், படம் மட்டும் வராது. டி7200-இல் பிரச்சினையில்லை. செகண்ட் ஹேண்ட் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார், பல பேருக்குத் தெரியவும் தெரியாது.

அடுத்த படி, வேலைக்குப் போன பிறகு, 200-500 எஃப் 5.6. 2015-இல் வந்த லென்ஸ், இரண்டே கால் கிலோவுக்கு மேல் எடை, கை வலிக்கும், ஆனால் மோட்டார் உள்ளேயே இருப்பதால் இன்றைக்கு டி7200-இல் ஓடும், நாளைக்கு அடாப்டர் போட்டு இசட் பாடியிலும் ஓடும். பாடியை மாற்றுவது கடைசிப் படி. அப்போதைக்கு எது வந்திருக்கிறதோ அதில் முந்தின தலைமுறையாகப் பார்த்து வாங்கு.

கேள்வி: ஃபர்ம்வேர் அப்டேட் போட்டால் கேமரா செத்துப்போகும் என்று பயமுறுத்துகிறார்கள். போடலாமா? என்னிடம் இருக்கும் மிகப் பழைய எஸ்டி கார்டு கேமரா பெரிய கார்டைப் படிக்க மறுக்கிறது, அதற்கும் அப்டேட் உதவுமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: போடுங்கள். ஃபர்ம்வேர் என்பது கேமராவுக்குள் ஓடும் மென்பொருள். காசில்லாமல் கிடைக்கும் ஒரே மேம்பாடு அதுதான். 2018-இல் நிக்கான் இசட்6 வாங்கியவர்களுக்குக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் கிடையாது, 2019 மே மாத அப்டேட்டில் வந்தது. அதே கேமராவில் எக்ஸ்க்யூடி கார்டு மட்டும்தான் ஓடியது, அந்த வருஷக் கடைசியில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டும் ஓடியது, ஏனென்றால் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. கார்டு துளையை முன்யோசனையோடு வைத்ததால் கிடைத்த பலன். இசட்9-க்குப் பறவையைத் தனியாக அடையாளம் காணும் வசதி 2023-இல் அப்டேட்டாகத்தான் வந்தது. ஃபுஜியும் பல வருஷமாக இப்படிச் செய்துவருகிறது.

பேட்டரி முழு சார்ஜ் இருக்கட்டும், கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிட்டு ஃபைலைப் போடுங்கள், முடிகிற வரை ஸ்விட்சைத் தொடாதீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி செய்யாதீர்கள். பழைய அடாப்டரோ வெளிக் கம்பெனி லென்ஸோ ஒத்துழைக்க மறுத்தால் சரிசெய்ய இரண்டு நாளாவது வேண்டும்.

நீங்கள் அடுத்த வரியில் கேட்டிருக்கும் பழைய கேமராவுக்கு அப்டேட் பெரும்பாலும் உதவாது. 2006-க்கு முந்தைய எஸ்டி கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபி வரைதான் படிக்கும், 4 முதல் 32 ஜிபி வரையான எஸ்டிஹெச்சி கார்டு அப்புறம் வந்தது. 2 ஜிபி கார்டு இன்னும் கிடைக்கிறது, தேடுங்கள்.

கேள்வி: லென்ஸ்தான் நிலைக்கும் என்று எழுதுகிறீர்கள். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடுகிறதே?
– வாசகர், தென்காசி

பதில்: குற்றாலச் சாரல் அடிக்கும் அந்த இரண்டு மூன்று மாதமும் லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைக்காதீர்கள், தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரியான டிரை கேபினெட் வாங்க முடிந்தால் உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். முடியாவிட்டால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், விலை மலிவான ஈரப்பதமானி இவை போதும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடுங்கள். அரிசியில் புதைப்பது வேண்டாம், தவிட்டுத் தூள் ஜூம் வளையத்துக்குள் போய்விடும். வாரம் ஒருமுறை எடுத்து இரண்டு படம் எடுங்கள், இருட்டில் பூட்டியே கிடந்தால்தான் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும்.

கேள்வி: கல்யாண லைவ் போடுகிறேன். கேமராவின் ஹெச்டிஎம்ஐ ஓட்டை ஆடிப்போய்விட்டது. சர்வீஸில் மெயின் போர்டையே மாற்ற வேண்டும் என்று பாதி கேமரா விலை சொல்கிறார்கள். ஒரு சின்ன ஓட்டைக்கு இவ்வளவா? இதைக் கேட்க ஆளில்லையா?
– வாசகர், திசையன்விளை

பதில்: வேண்டுமென்றே செய்வது என்று முதல் கடிதத்தில் சொன்னேனே, அது இதுதான். சென்சாரை மாற்ற முடியாததற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ ஓட்டைக்கு அப்படி எந்தக் காரணமும் கிடையாது. ஒரு சின்னத் துண்டு போர்டில் ஓட்டைகளை மட்டும் வைத்து, பட்டைக் கம்பியால் மெயின் போர்டோடு சேர்த்தால் போதும், உடைந்தால் அந்தத் துண்டை மாற்றிவிட்டுப் போய்விடலாம். தினமும் கேபிள் சொருகி இழுக்கிற இடம், கேமராவில் முதலில் தேயப்போகிற இடம், அதைக் கொண்டுபோய் இருப்பதிலேயே விலை கூடிய போர்டில் பற்றவைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவரும் பிடி ரப்பருக்கும், கார்டு மூடிக்கும்கூடத் தனிப் பாகம் என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள்.

முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் ஃபேர்ஃபோனைக் காட்டுங்கள். நெதர்லாந்துக் கம்பெனி. 2019-இல் ஃபேர்ஃபோன் 3 விற்றார்கள். அடுத்த வருஷம் 3 பிளஸ் என்று நல்ல கேமராவோடு ஒன்று வந்தபோது, பழைய 3 வைத்திருந்தவர்களுக்கும் அந்தக் கேமரா பாகத்தை மட்டும் தனியாக விற்றார்கள். சாதாரணத் திருப்புளியால் அவர்களே வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். அத்தனை சின்ன மொபைலுக்குள் முடிந்தது, உள்ளங்கை நிறையும் கேமராவுக்குள் முடியாதா?

உங்கள் கேமராவுக்கு இப்போது செய்ய வேண்டியது. மெயின் போர்டு விலைக்கு ஒத்துக்கொள்வதற்கு முன், மொபைல் போர்டில் சிப் மாற்றிப் பழகிய நல்ல கைக்காரர் ஒருவரிடம் ஓட்டையை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வாரண்டி முடிந்த கேமராவாக இருந்தால் மட்டும். சரியானதும் ஒரு சாண் நீள ஹெச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிளைக் கேமராவில் சொருகி, கேமராவைச் சுற்றி மாட்டும் கேஜ் என்ற சட்டத்தில் கிளாம்ப் போட்டு அசையாமல் இறுக்கிவிடுங்கள். அதைக் கழற்றவே வேண்டாம். மண்டபத்தில் போய்ச் சொருகுவதும் இழுப்பதும் அந்தக் கேபிளின் மறுமுனையில். தேய்ந்தால் இருநூறு முந்நூறு ரூபாய்க் கேபிள்தான் தேயும். அடுத்த கேமரா வாங்கும்போது முழு அளவு ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சோனி ஏ7எஸ் 3, நிக்கான் இசட்8 இரண்டிலும் இருக்கிறது. மைக்ரோ ஹெச்டிஎம்ஐ லைவ் வேலைக்குத் தாங்காது.

கேட்க ஆளில்லையா என்றால், இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே தனி இணையதளம் தொடங்கியிருக்கிறது, கம்பெனிகள் பாகங்கள் பற்றியும் சர்வீஸ் பற்றியும் தகவல் தர வேண்டிய இடம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிடுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து. ஓட்டையை மட்டும் தனிப் பாகமாகத் தர முடியாது என்று அவர்கள் சொல்வதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். மாடல், சீரியல் எண், பில் தேதி சேர்த்துப் புகாராகப் பதியுங்கள். அந்த எஸ்டிமேட்டின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பிவையுங்கள், மற்ற ஸ்டுடியோக்காரர்களிடமும் கேட்கிறேன்.